இருதய அறுவையும் சிறுநீரகத்தின் முன்குறிகளும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடிப் பக்கம் போகிறவர்களுக்கு வழிநெடுகக் கண்மாய்கள் தென்படும். ஆண்டின் பெரும்பகுதியில் அவற்றில் நீர் இராது. சீமைக் கருவேலமே மண்டிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை ஒழுங்காகப் பெய்து கண்மாய் பெருகிவிட்டாலோ, ஊர் நீர்பாய்ச்சிக்கு இராத்தூக்கம் கிடையாது. கையில் விளக்கோடு கரைமேல் நடக்கும் அவர், நீர் தளும்பும் உட்புறத்தைக் காட்டிலும் கரையின் வெளிப்புற அடிவாரத்தையே கூர்ந்து பார்த்துக்கொண்டு போவார். காய்ந்திருக்கவேண்டிய அந்த மண்ணில் உள்ளங்கை அகலம் ஈரம் கண்டாலும் போதும், ஊரைக் கூப்பிட்டு, விடிவதற்குள் மண் வெட்டிப்போட்டுக் கசிவை அடைக்கச் செய்துவிடுவார். வயலுக்குள் வெள்ளம் புகுந்த பிறகு கரை உடைந்ததைத் தெரிந்துகொள்ள நீர்பாய்ச்சி வேண்டியதில்லை. இருதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் சிறுநீரகம் கெட்டுப்போவதை மருத்துவ உலகம் அரை நூற்றாண்டுக்கு மேலாக வெள்ளம் புகுந்த பிறகே கண்டுவந்தது. கரைக்குப் பின்னே தோன்றும் அந்த ஈரத்தைக் காணும் முயற்சி சென்ற இருபது ஆண்டுகளில்தான் மும்முரமாக நடந்திருக்கிறது. அம்முயற்சியில் கிடைத்தது என்ன, கிடைக்காதது என்ன, இந்தக் கரிசல் சீமையிலிருந்து மதுரைக்கும் சென்னைக்கும் அறுவைக்குப் போகிற ஜனங்களுக்கு அதனால் ஆகக்கூடியது என்ன என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருதய அறுவை என்பது எங்கோ பெருநகரத்துச் செல்வர்களுக்கு நடக்கும் காரியம் என்று நம் பக்கத்தார் எண்ணிய காலம் ஒன்று உண்டு. 1953 மே 6ஆம் தேதி பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் என்னும் மருத்துவர், இருதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் சற்று நேரம் தானே ஏற்றுச் செய்யும் இயந்திரம் ஒன்றின் துணையால் ஒரு பெண்ணின் இருதயத்தைத் திறந்து ஓட்டையை அடைத்தார். எட்டே ஆண்டுகளில், 1961இல், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் திறந்த இருதய அறுவை நடந்தது. 1975இல் பெரம்பூர் தென்னக ரயில்வே தலைமை மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன், நாட்டிலேயே முதன்முறையாக, இருதய ரத்தக்குழாய் அடைப்புக்கு மாற்றுப்பாதை அமைக்கும் பைபாஸ் அறுவையைச் செய்தார். பிறகு 2009இல் தமிழக அரசு ஏழைகளுக்கான காப்பீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்து, 2012 முதல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் நடந்துவருவதனால், அருப்புக்கோட்டைத் தறிக்காரருக்கும், மல்லிகைத் தோட்டத்தில் விடியுமுன் பூப்பறிக்கும் பெண்ணுக்கும், திருச்சுழிப் பக்கம் கரிமூட்டம் போடுகிற தொழிலாளிக்கும் பைபாஸ் என்ற சொல் வீட்டுச் சொல்லாகிவிட்டது. இது பெரிய காரியம், சந்தேகமில்லை. ஆனால் இருதயத்தைக் காப்பாற்றிக்கொண்டு திரும்பி வருகிறவர்களுள் சிலர் சிறுநீரகத்தை இழந்து வருகிறார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

இதன் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து சரீரத்தின் எடையில் நூற்றுக்கு அரைப்பங்குதான் இருக்கும். ஆயினும் இருதயம் வெளித்தள்ளும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அவற்றுக்கே போகிறது. அப்படிப் போகும் ரத்தத்தில் பெரும்பகுதி வடிகட்டும் வேலை நடக்கிற மேற்பகுதியோடு நின்றுவிட, நீரையும் உப்பையும் திரும்ப உறிஞ்சி மீட்கும் கடுமையான உழைப்பு நடக்கிற உட்பகுதிக்கு வந்துசேரும் பிராணவாயு சொற்பமே. அதாவது, ஆரோக்கியமான நாளிலேயே சிறுநீரகத்தின் உட்பகுதி பஞ்சத்தின் விளிம்பில் வாழ்ந்துகொண்டிருக்கிறது. இந்த நிலையில் மனிதனை இருதய-நுரையீரல் இயந்திரத்தில் இணைக்கும்போது, துடித்துத் துடித்து வந்த ரத்தம் துடிப்பின்றி ஒரே சீராக ஓடத் தொடங்குகிறது, அழுத்தம் குறைகிறது, குழாய்களிலும் உருளைகளிலும் அடிபட்டுச் சிவப்பணுக்கள் உடைந்து அவற்றின் ஹீமோகுளோபின் ரத்தத்தில் கலந்து சிறுநீரக நுண்குழல்களுக்கு விஷமாகிறது, அந்நியப் பொருளைத் தொட்ட வெள்ளணுக்கள் வெகுண்டெழுந்து அழற்சியை உண்டாக்குகின்றன, மகாதமனியை இடுக்கியால் பிடித்து விடும்போது அதன் சுவரில் படிந்திருந்த கொழுப்புத் துணுக்குகள் சிதறிச் சிறு குழாய்களை அடைக்கின்றன. அறுவைக்குச் சில நாள் முன் ஆஞ்சியோகிராம் செய்தபோது ஏற்றிய சாய மருந்தின் பாரமும் அதோடு சேர்ந்துகொள்கிறது. இவ்வளவையும் தாண்டி வருகிறவர்களில், உலகெங்கும் கண்ட அனுபவப்படி, நூற்றுக்கு இருபது முதல் முப்பது பேருக்குச் சிறுநீரகம் ஏதோ ஓரளவில் பாதிக்கப்படுகிறது. டயாலிசிஸ் வரைக்கும் போகிறவர்கள் நூற்றுக்கு ஒருவர் முதல் ஐவர் வரை. இந்தக் கடைசி வகையினரில் உயிரிழப்பு மிக அதிகம்.

இப்பாதிப்பைக் கண்டறிய மருத்துவர்கள் இதுவரை நம்பி வந்தது கிரியாட்டினின் என்னும் ஒரே பொருளை. தசைகள் நாள்தோறும் வெளியேற்றும் கழிவு அது. சிறுநீரகம் வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் தேங்கும். 1886இல் மாக்ஸ் யாஃபே என்ற ஜெர்மானிய விஞ்ஞானி, பிக்ரிக் அமிலத்தோடும் காரத்தோடும் கிரியாட்டினினைச் சேர்த்தால் கரைசல் மஞ்சளிலிருந்து செம்மஞ்சளாக நிறம் மாறுவதைக் கண்டார்; நம் சிற்றூர்ப் பரிசோதனை நிலையங்களில் இன்றும் பெரும்பாலும் அந்த முறையே வேறு வேறு திருத்தங்களோடு வழங்கிவருகிறது. எளிய சோதனை, மலிவான சோதனை, எங்கும் கிடைக்கிற சோதனை. அதன் குறை வேறிடத்தில் இருக்கிறது. வடிகட்டும் திறனில் பாதி போனாலும் கிரியாட்டினின் உடனே உயர்ந்துவிடாது. தேங்கித் தேங்கி ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்தே எண்ணில் ஏறும். போதாக்குறைக்கு, இயந்திரத்தில் நிரப்பிய திரவமும் நாளத்தில் ஏற்றிய திரவமும் ரத்தத்தை நீர்க்கச் செய்து, ஏறவேண்டிய எண்ணை முதல் நாளன்று இறக்கியும் காட்டிவிடும். 2012இல் கே.டி.ஐ.ஜி.ஓ. என்னும் பன்னாட்டுச் சிறுநீரகக் குழு வகுத்த இலக்கணப்படி, 48 மணி நேரத்துக்குள் கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் உயர்ந்தாலோ, ஏழு நாளுக்குள் பழைய அளவைப்போல் ஒன்றரை மடங்கானாலோ, ஆறு மணி நேரம் தொடர்ந்து சிறுநீர், எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு அரை மில்லிலிட்டருக்குக் கீழே இறங்கினாலோ அது திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு. இந்த இலக்கணத்தில் மிக முக்கியமான சொல் ‘பழைய அளவு’ என்பதே.

இதை நான் ஏட்டில் கற்றதைவிட என் தாய்மாமனின் படுக்கையருகே கற்றது அதிகம். அவர் திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் மானாவாரி வெள்ளாமையும், வெள்ளாமை பொய்த்த வருஷங்களில் கரிமூட்டமுமாக வாழ்ந்தவர். ஐம்பது கிலோ கூடத் தேறாத சரீரம். மூன்று குழாயிலும் அடைப்பு என்று நகரத்து மருத்துவமனை ஒன்றில் அவருக்கு பைபாஸ் செய்தார்கள். அறுவைக்கு முந்திய நாள் எடுத்த சீட்டில் கிரியாட்டினின் 0.7 என்றிருந்தது. இரண்டாம் நாள் காலையில் எடுத்ததில் 1.1. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கட்டத்தில், ஆரோக்கியருக்கு இருக்கவேண்டியது 0.6 முதல் 1.2 வரை என்று அச்சிட்டிருந்தது. கவலையோடு கேட்ட என் அத்தையிடம், “கிட்னி எல்லாம் நார்மல்மா, பயப்படாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வலிக்குப் போட்டுவந்த ஊசியும் தொடர்ந்தது. படுக்கையின் கீழே தொங்கிய சிறுநீர்ப் பையை அத்தை மணிக்கொரு தரம் குனிந்து பார்ப்பாள். அதில் வந்து சேர்ந்த நீர் தேநீர் நிறத்தில், ஒரு சங்கு அளவுகூட இராது. “பொழுதுக்கும் வெயில்ல கெடந்த ஒடம்பு, அதான் தண்ணி இறங்க மாட்டேங்குது” என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஐந்தாம் நாள் எண் 2.6 ஆயிற்று, அப்போதுதான் சிறுநீரக மருத்துவரைக் கூப்பிட்டார்கள். டயாலிசிஸ் இல்லாமலே அவர் பிழைத்தார் என்பது தெய்வாதீனம். ஆனால் 0.7 பிறகு ஒருநாளும் திரும்பி வரவில்லை.

இங்கே நிகழ்ந்த பிழையை ஒரு மருத்துவமனையின் அல்லது ஒருவரின் பிழையாக நான் கருதவில்லை. அச்சிட்ட கட்டம் தசை நிறைந்த சரீரத்தையும் ஒட்டிக் காய்ந்த சரீரத்தையும் ஒரே தராசில் நிறுக்கிறது. தசை குறைந்தவனுக்குக் கிரியாட்டினின் உற்பத்தியே குறைவு, அவனுக்கு 1.1 என்பது பாதிப்பு நேர்ந்துவிட்டதென்னும் கூக்குரல். எங்கள் சீமையில் உழைத்துத் தேய்ந்த உடம்புகளே மிகுதியாதலால், ‘நார்மல்’ என்ற சொல் எங்களை ஏமாற்றுவதுபோல் வேறெவரையும் ஏமாற்றாது.

சிறுநீரைப் பார்த்து நோயை முன்கூட்டி அறியலாம் என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று. தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி சாஸ்திரம் சித்த வைத்தியர்களின் கைமுதலாக இருந்திருக்கிறது. விடியற்காலையில் பிடித்த நீரின் நிறம், எடை, நாற்றம், நுரை இவற்றை நீர்க்குறியில் ஆராய்வார்கள். நெய்க்குறியிலோ, அந்நீரின்மேல் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பாம்பென நீண்டால் வாதம், மோதிரமெனச் சுழன்றால் பித்தம், முத்தென நின்றால் கபம் என்று தீர்ப்பார்கள். அத்தீர்ப்புகளின் உண்மையை இங்கே நான் விவாதிக்கப் புகவில்லை. ‘குறி’ என்ற சொல்லை மட்டும் நன்றியோடு எடுத்துக்கொள்கிறேன். பயோமார்க்கர் என்று இன்றைய மருத்துவர்கள் அழைப்பது இந்தக் குறியைத்தான்: நோய் பிரத்தியட்சமாகுமுன் அதன் வரவை அறிவிக்கும் ஒரு பொருள், சிறுநீரிலோ ரத்தத்திலோ அளக்கத்தக்கது. மாரடைப்பு வந்தவருக்கு இருதயத் தசை சிதைந்த சில மணி நேரத்தில் ட்ரோபோனின் என்னும் புரதம் ரத்தத்தில் தோன்றி உண்மையைச் சொல்லிவிடுகிறதே, அதுபோல் சிறுநீரகத்துக்கும் ஒரு ட்ரோபோனின் அகப்படாதா என்பதே ஆராய்ச்சியாளர்களின் ஏக்கமாக இருந்தது.

அந்த ஏக்கத்துக்கு முதன்முதலில் பெரும் நம்பிக்கை தந்தது என்கால் என்னும் புரதம். வெள்ளணுக்களில் 1990களில் கண்டறியப்பட்ட இது, கிருமிகளுக்கு வேண்டிய இரும்புச் சத்து கிட்டாதபடி செய்து அவற்றைப் பட்டினி போடுகிற ஒரு காவற்பொருள். சிறுநீரக நுண்குழல்களின் அணுக்கள் அடிபட்ட உடனே இதனைப் பன்மடங்கு சுரக்கின்றன என்பதை அமெரிக்காவில் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் பிரசாத் தேவராஜனும் அவருடைய குழுவினரும் முதலில் விலங்குகளிடத்துக் கண்டு, பின் இருதய அறுவை செய்துகொண்ட 71 குழந்தைகளிடம் சோதித்தார்கள். 2005இல் லான்செட் இதழில் வெளிவந்த அந்த ஆய்வு இத்துறையின் சரித்திரத்தில் ஒரு திருப்பம். 71 குழந்தைகளில் 20 பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. கிரியாட்டினின் அதைக் காட்ட ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை ஆயிற்று. சிறுநீரில் என்காலோ இரண்டே மணி நேரத்தில் காட்டிவிட்டது. குறியின் தகுதியை அளக்க ஓர் அளவுகோல் உண்டு. அதில் 1 என்பது பிழையே இல்லாத குறி, 0.5 என்பது காசைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பதற்குச் சமானம். இந்த ஆய்வில் என்கால் பெற்ற மதிப்பு 0.998.

இவ்வளவு துல்லியம் மருத்துவத்தில் அபூர்வம், அது நிலைக்கவுமில்லை. டாக்டர் சிராக் பாரிக்கின் தலைமையில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ட்ரைப் என்னும் பெரிய ஆய்வு 2011இல் வெளியானபோது, அதில் சேர்க்கப்பட்டிருந்த 1,219 பெரியவர்களிடம் என்கால், இன்டர்லூக்கின்-18 ஆகிய குறிகள் அறுவை முடிந்து ஆறு மணி நேரத்துக்குள் உச்சத்தை எட்டியது உண்மையேயாயினும், அவற்றின் தகுதி 0.7ஐச் சுற்றியே நின்றது. குழந்தையின் சிறுநீரகம் மாசற்றது. அதற்கு நேர்ந்த அடி எப்போது நேர்ந்தது என்பது நிமிஷக் கணக்கில் தெரியும். அறுபது வயதினர் அறுவை மேசைக்கு வரும்போதே இருபது வருஷத்துச் சர்க்கரையையும் ரத்தக் கொதிப்பையும் சுமந்து வருகிறார். அவருடைய சிறுநீரில் என்கால் முன்னமே கூடியிருக்கும். இயந்திரத்தால் வெகுண்ட வெள்ளணுக்களும் அதே பொருளைக் கொட்டும். கிருமித்தொற்று வந்தாலும் கூடும். மணி அடிக்கிறது, எந்த வீட்டில் தீ என்று மட்டும் சொல்லமாட்டேன் என்கிறது. ஆகவே என்காலைக் குழந்தைகளின் குறி என்று கொள்வதே நியாயம் என்பது என் அபிப்பிராயம். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2023 இறுதியில் சிறுநீர் என்கால் சோதனைக்கு அனுமதி அளித்தபோது அதைக் குழந்தைகளுக்கும் இளம்பருவத்தாருக்கும் என்றே வரையறுத்ததும் இதற்கு அரணாக இருக்கிறது.

வேறு குறிகளும் உண்டு. பாஸ்டனில் டாக்டர் ஜோசப் பான்வென்டரின் ஆய்வுக்கூடத்தில் ஆராயப்பட்ட கிம்-1, இறந்த அண்டை அணுக்களை விழுங்கித் துப்புரவு செய்ய நுண்குழல் அணு தன் மேற்பரப்பில் நீட்டும் ஒரு கை. அது சற்றுத் தாமதித்தே வரும். ஜப்பானியர் எல்-ஃபாப் என்னும் கொழுப்பமிலப் புரதத்தைத் தம் மருத்துவமனைகளில் வழக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சிஸ்டட்டின்-சி தசையைச் சாராதது என்பதால் மெலிந்த உடம்புக்குக் கிரியாட்டினினைவிட நேர்மையானது.

ஆயினும் நான் நின்று பார்க்க விரும்புவது 2013இல் வெளியான சாஃபையர் என்னும் ஆய்வை. முந்நூற்றுக்கு மேற்பட்ட பொருள்களைச் சல்லடையிட்டுச் சலித்து, டிம்ப்-2, ஐ.ஜி.எஃப்.பி.பி-7 என்னும் இரண்டை மட்டும் அதில் தேர்ந்தெடுத்தார்கள். இவை அணு சிதைந்ததைச் சொல்வனவல்ல. ஆபத்தை உணர்ந்த அணு, இந்த நிலையில் பிரிந்து பெருகினால் நாசமாவோம் என்று தன் பெருக்கத்தைத் தானே நிறுத்திக்கொள்கிறதே, அந்த நிறுத்தத்தின் ஓசை இவை. உடைப்புக்கு முந்திய ஈரம் என்று சொல்லத்தக்கது இதுவே. இரண்டையும் பெருக்கி வந்த எண் 0.3ஐத் தாண்டினால் அபாயம் என்று வகுத்தார்கள். அதன் தகுதி 0.80 என்று கண்டார்கள். 2014இல் அமெரிக்காவில் இச்சோதனைக்கு அனுமதி கிடைத்தது.

குறி கிடைத்துவிட்டது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இந்த வினாவிலேதான் இத்துறையின் வேதனையெல்லாம் இருக்கிறது. சிறுநீரகத்தைக் காக்கும் என்று நம்பிக் கொடுத்த மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொய்த்தன. குறைந்த அளவு டோபமைன் சிறுநீரகத்துக்கு அமிர்தம் என்று ஒரு தலைமுறை மருத்துவர்கள் நம்பியிருக்க, 2000இல் ஆஸ்திரேலிய ஆய்வு அது பயனற்றதென நிறுவிற்று. ஃபெனால்டோபம் 2014இல் இத்தாலியில் அதே கதியை அடைந்து, ரத்த அழுத்தத்தையும் இறக்கியது. இந்தச் சலிப்பின் நடுவே ஜெர்மனியில் மூன்ஸ்டர் நகரத்து மருத்துவர்கள் புது மருந்து எதையும் தேடாமல் ஒரு காரியம் செய்தார்கள். இருதய அறுவை முடிந்தவர்களுள் இந்த இரட்டைக் குறி உயர்ந்திருந்த 276 பேரைத் தேர்ந்து, பாதிப்பேருக்கு வழக்கமான பராமரிப்பும், மற்றவர்களுக்குச் சிரத்தையான பராமரிப்பும் கொடுத்தார்கள். ரத்த ஓட்டத்தையும் திரவத்தையும் அளந்து சரிசெய்தல், சர்க்கரையை ஏறவிடாமை, சிறுநீரகத்துக்கு ஒவ்வாத மருந்துகளையும் சாயங்களையும் விலக்குதல், ரத்தக் கொதிப்புக்கான சில மாத்திரைகளை இரண்டு நாள் நிறுத்திவைத்தல்: இவ்வளவுதான் அந்தச் சிரத்தை. 2017இல் வெளியான முடிவின்படி, வழக்கப் பராமரிப்பில் 71.7 விழுக்காட்டினருக்கு நேர்ந்த பாதிப்பு, சிரத்தைப் பராமரிப்பில் 55.1 விழுக்காடாகக் குறைந்தது. டயாலிசிஸ் தேவையிலும் உயிரிழப்பிலும் வேறுபாடு தோன்றவில்லை என்பதையும் மறைக்கக்கூடாது. 2024இல் 3,511 பேரிடம் நடந்த இன்னொரு பெரிய ஆய்வு, அறுவை நாள் முதல் மூன்று நாள் வரை நாளத்தில் அமினோ அமிலங்களை ஏற்றினால் பாதிப்பு 31.7 விழுக்காட்டிலிருந்து 26.9 விழுக்காடாகக் குறைகிறது என்று காட்டியிருக்கிறது. இதற்கு எந்தக் குறியும் முன்கூட்டித் தேவைப்படவில்லை.

மூன்ஸ்டர் ஆய்வைப் படித்தபோது என் மனம் மாமாவின் படுக்கைக்கே திரும்பியது. மூன்ஸ்டரில் செய்த சிரத்தைகளில் எது நம்மால் ஆகாதது? சிறுநீரகத்துக்கு ஒவ்வாத வலி ஊசியை மாற்றுவதற்கு விலையுயர்ந்த சோதனை வேண்டுமா? விலையுயர்ந்த அச்சோதனைக் கருவி ஓர் அரசு மருத்துவமனையின் எல்லாப் படுக்கைக்கும் கிடைக்கிற நாள் வரும். வரவேண்டும் என்றும் விரும்புகிறேன். அதுவரை கையில் இருக்கிற குறிகளை நாம் முழுக்கப் பயன்படுத்தினோமா என்று கேட்டுக்கொள்வது கடமை. ஐம்பது கிலோ மனிதருக்குச் சிறுநீரின் கீழ் எல்லை மணிக்கு 25 மில்லிலிட்டர், அதாவது ஐந்து தேக்கரண்டி; அதற்குக் கீழே ஆறு மணி நேரம் நீடித்தால் அதுவே நோய். மணிக்கணக்கில் அளக்கத் தக்க கோடிட்ட சிறு பெட்டி பொருந்திய பையும், அதை இரவிலும் தவறாமல் பார்த்து எழுதுகிற செவிலியும் இருந்தால், அச்செவிலியே நம்முடைய நீர்பாய்ச்சி. இதற்கு அடுத்தபடியாக, டாக்டர் லக்மீர் சாவ்லாவும் சகாக்களும் 2013இல் விளக்கிய ஃப்ரூசமைடு சோதனையைச் சொல்வேன். உடம்பில் நீர் வற்றாத நோயாளிக்கு, எடை பார்த்து, கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் அல்லது ஒன்றரை மில்லிகிராம் அந்த மருந்தை நாளத்தில் கொடுத்து, இரண்டு மணி நேரத்தில் 200 மில்லிலிட்டர் சிறுநீர் கூட வராவிட்டால் பாதிப்பு முற்றப்போகிறதென்று அறியலாம். எந்தத் தாலுகா மருத்துவமனையிலும் இருக்கிற மருந்து அது. அந்த ஆய்வின் சிறு நோயாளிக் குழுவில் பின்னர் ஒப்பிட்டபோது, புது முன்குறிகள் பலவற்றுக்கும் அது இளைக்கவில்லை.

இனி எங்கள் சீமையின் விசேஷ நிலையைச் சொல்லியாகவேண்டும். இங்கிருந்து அறுவைக்குப் போகிற சிறுநீரகம் வெயிலில் பழகிய சிறுநீரகம். சித்திரை, வைகாசியில் பருத்திக் காட்டிலும் மிளகாய்க் காட்டிலும் நிற்கிறவர்களும், கரிமூட்டத்தின் அனலில் நிற்கிறவர்களும், வியர்வையில் இழப்பதில் பாதியைக்கூடக் குடித்து ஈடுசெய்வதில்லை. கிணற்று நீர் உவர்ப்பு, நல்ல தண்ணீர் குடம் இவ்வளவு என்று வாங்குவது. உடம்பு வலிக்குக் கடையில் வாங்கும் மாத்திரையும், கல்லடைப்பு என்று சொல்லிப் பல வருஷம் பட்ட வேதனையும் சேர்ந்துகொள்கின்றன. தமிழ்நாட்டில் 125 கிராமங்களில் 3,350 விவசாயத் தொழிலாளரிடம் 2023இல் நடந்த ஆய்வில், நூற்றுக்கு ஐந்து பேருக்குச் சற்று மேல் நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்பட்டது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குச் சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ போன்ற தெரிந்த காரணம் எதுவும் இல்லை. ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் டாக்டர் வித்யா வேணுகோபால் குழுவினர் உப்பளத் தொழிலாளரிடம் வெப்பத்தின் விளைவை ஆராய்ந்ததும் இதே திசையைக் காட்டுகிறது. அமெரிக்கரிடமும் ஐரோப்பியரிடமும் அந்த இரட்டைக் குறிக்கு வகுத்த 0.3 என்ற எல்லை, இப்படிப்பட்ட சிறுநீரகத்துக்கு அப்படியே பொருந்துமா என்பதைக் கரிசல் காட்டு உழைப்பாளியிடம் அளந்து பார்த்தே சொல்லமுடியும். மதுரை மருத்துவக் கல்லூரி 1954 முதல் இருக்கிறது. விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. இக்கல்லூரிகளில் பட்டமேற்படிப்புப் படிக்கும் இளைஞர் எவரேனும் இதனைத் தம் ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்வாரானால், அது இந்த நாட்டுக்குச் செய்கிற பெரும் உபகாரம்.

மலிவான சோதனையைக் கொண்டு பெரிய காரியம் செய்யலாம் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேடவேண்டியதில்லை. சென்னையில் டாக்டர் எம். கே. மணி தொடங்கிய கிட்னி ஹெல்ப் அறக்கட்டளை, அக்கம்பக்கத்துக் கிராமங்களில் ஓரளவு படித்த பெண்களைப் பயிற்றி, வீடுவீடாக அனுப்பி, ரத்த அழுத்தத்தை அளந்து, சிறுநீரில் இரண்டு திரவங்களைச் சேர்த்துப் புரதமும் சர்க்கரையும் இருக்கிறதா என்று பார்க்கச் செய்தது. கண்டவர்களுக்கு மலிவான மருந்துகளே கொடுத்து நோயை அடக்கியது. 2020இல் தமிழக அரசு நடத்திய கணக்கெடுப்பில் பெரியவர்களுள் மூவரில் ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு இருந்தும் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தோர் பத்தில் ஒருவருக்கும் குறைவு என்று தெரியவந்ததே, அந்தக் குறையைத் தீர்க்க 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்று மாத்திரையோடு வீட்டு வாசலுக்கு வருகிற பெண்களின் பையில் ஒரு சிறுநீர்ச் சோதனைப் பட்டையும் இருக்குமானால், மார்பு வலி வந்து மதுரைக்கு ஓடுகிற நாளில் அந்த மனிதரின் ‘பழைய அளவு’ எங்கோ ஒரு நோட்டில் எழுதப்பட்டிருக்கும்.

இருதய அறுவைக்கு ஒருவரை அழைத்துச் செல்கிற வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். அறுவைக்கு முன் எடுத்த கிரியாட்டினின் எவ்வளவு என்று கேட்டு, தேதியோடு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அறுவைக்குப் பின் ஒவ்வொரு நாளும் அந்த எண்ணைக் கேளுங்கள், நார்மல் என்று பதில் வந்தால், முன்பிருந்ததைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்று மறுபடியும் பணிவோடு கேளுங்கள், 0.3 கூடியிருந்தால் சிறுநீரக மருத்துவர் பார்க்கவேண்டும் என்று சொல்லுங்கள். வலி மாத்திரையைக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். வீடு திரும்பி மூன்று மாதம் ஆனதும், நடமாட்டம் நன்றாக இருந்தாலும், ரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும் இன்னொரு முறை பார்க்கவேண்டும். அன்றைக்கு மருத்துவரிடம் போகும்போது, பழைய எண் எழுதிய அந்தத் தாளை மறவாமல் கையில் எடுத்துச் செல்லுங்கள்.